பிளம் கிளைக்கு எந்தக் காகிதம், மூங்கிலுக்கு எந்தக் காகிதம்?

சீனத் தாவரக் குறியீடுகளை வைத்துக் காகிதத்தில் ஏதாவது செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காகிதத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள். சிவப்புக் கிரேப் (இழுத்தால் நீளும் சுருக்கக் காகிதம்) சுருள் கையில் இருக்கிறது, ஆகவே ஒரு சிவப்புப் பூ. அந்த வரிசை தலைகீழானது. முதலில் செடியைத் தீர்மானியுங்கள். அந்தச் செடியின் பொருள் அதன் எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த உறுப்பை நன்றாகக் காட்டும் காகிதம் எது என்பது பிறகு தானாகத் தெரிந்துவிடும். மூங்கிலின் பொருள் கணுவில் இருக்கிறது. பிளம் பூவின் பொருள் இலையே இல்லாத கிளையில். தாமரையின் பொருளில் பாதி அதன் பெயர் ஒலிக்கும் விதத்தில். கணு தெரியாத மூங்கிலும், பச்சை இலை ஒட்டிய பிளம் கிளையும் எவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே நின்றுவிடும்.

ஒப்பிட எடுத்துக்கொள்வது மூன்று வழிகள். ஒன்று, ஜியென்ஜி எனப்படும் காகித வெட்டு. இரண்டு, கிரேப் காகிதத்தில் செய்யும் பூ. மூன்றாவது நம்மிடம் அதிகம் பேசப்படாதது: தோங்சாவ் என்ற செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தக்கையைச் சீவி எடுத்த தாளில் செய்யும் பூ.

காகித வெட்டு: மூங்கிலும் ஆர்க்கிட்டும்

வடமேற்குச் சீனாவின் சின்ஜியாங்கில் துர்பான் பகுதிக் கல்லறைகளில் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காகித வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. சீனக் காகித வெட்டுக் கலை 2009-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் முறை மாறும். பல ஊர்களில் கத்தரிக்கோல்தான். ஹெபெய் மாகாணத்தின் யூ கவுண்டியில் மெழுகுப் பலகைமேல் ஷுவான் என்ற மெல்லிய சீனத் தாளைப் பல அடுக்காக வைத்துச் சிறு கத்தியால் செதுக்குவார்கள். வெள்ளைத் தாளாகவே வெட்டி, பிறகு சாராயம் கலந்த சாயத்தை ஊற்றிச் சாயமேற்றுவார்கள். சாராயம் சேர்ந்தால்தான் சாயம் அடுக்குகளின் அடிவரை இறங்கும்.

வெட்டில் இரண்டு முறை உண்டு. கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுப்பது யாங். கோட்டையே வெட்டி எடுப்பது யின். யாங் முறையில் ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டைத் தொட்டாக வேண்டும். எங்கேயாவது தொடர்பு அறுந்தால் அந்தத் துண்டு உதிர்ந்துவிடும். யின் முறையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் வெட்டிய கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாது. ஆயிரம் வெட்டு வெட்டினாலும் ஒன்றும் உதிரக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சொல்லும் வழக்கு.

மூங்கில் இந்த முறைக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தும். கணுவைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கு ஒழுக்க உறுதி என்ற பொருளும் உண்டு. உள்ளே வெற்றிடமாக இருப்பது பணிவு. மூங்கிலின் பெயர் வாழ்த்து என்ற சொல்லைப் போலவே ஒலிப்பதால் புதுமனைக்கும் பயணம் போகிறவருக்கும் கொடுக்க ஏற்றது. இத்தனையும் கணுவையும் நேர்க்கோட்டையும் நம்பி நிற்கிறது. தட்டையான வெட்டில் இவை இரண்டும் கத்தி பட்ட மாத்திரத்தில் தெளிவாக வந்துவிடும்.

ஏ4 அளவுக்கு இரு பக்கமும் சாயமுள்ள 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) சிவப்புத் தாள் போதும். ஒரு பக்கம் மட்டும் சாயமுள்ள தாளில் வெட்டிய விளிம்புகளில் வெள்ளை எட்டிப் பார்க்கும். தண்டு இரண்டு வையுங்கள்: ஒன்று 18 மில்லிமீட்டர் அகலம், மற்றது அதில் பாதி. கணுக்களுக்கு இடையிலான தூரம் அடியில் குறைவாகத் தொடங்கி, நடுவில் நீண்டு, நுனியில் மறுபடி குறைய வேண்டும். எல்லா இடைவெளியும் சமமாக இருந்தால் கிடைப்பது மூங்கில் அல்ல, கரும்பு. புதிதாகச் செய்கிறவர்களின் பத்து மூங்கிலில் எட்டு இப்படித்தான் கரும்பாகிவிடும்.

கணுவை இப்படி வெட்ட வேண்டும். தண்டின் குறுக்கே மேல்நோக்கி லேசாக வளைந்த பிறை ஒன்று, நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமன், இரு ஓரத்திலும் கூர்மையாக முடிவது. இரண்டு ஓரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் தாளை வெட்டாமல் விடுங்கள். அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் மேல் தண்டைக் கீழ்த் தண்டோடு பிடித்திருக்கும் பாலம். அதைவிட மெலிந்தால் தாளைப் பலகையிலிருந்து தூக்கும்போது அறுந்துவிடும். கணு இருக்கும் இடத்தில் தண்டின் வெளி விளிம்பு இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் புடைத்திருக்கட்டும். இந்தச் சின்னப் புடைப்பு இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய குழாய் போலத் தெரியும்.

இலைகளை மூன்று மூன்றாகக் கோழிக்கால் வடிவில் சேர்ப்பது மூங்கில் ஓவியத்தின் பழைய வழக்கம். ஒவ்வொன்றும் 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளம். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அதிகபட்ச அகலம், 8 மில்லிமீட்டர். நுனிகள் கீழே தொங்க வேண்டும். ஒவ்வொரு கொத்திலும் ஓர் இலை நுனியாவது தண்டையோ பக்கத்துக் கொத்தையோ தொடட்டும். தொடாத நுனி ஒட்டும்போது சுருண்டுகொள்ளும்.

வெட்டும் வரிசை மாறாதது. உள்ளே இருக்கும் சிறு துளைகள் முதலில், பெரிய இடைவெளிகள் அடுத்து, வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் தாள் தளர்ந்து, உள்ளே கத்தி வைக்கும்போது இழுபடும். கைவினைக் கத்திக்குரிய கூர்நுனி அலகு, 11-ஆம் எண், போதும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். விளிம்பில் நார் நாராகத் தெரிய ஆரம்பித்தால் அலகு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி வெட்டுவதால் பயனில்லை, உடனே மாற்றுங்கள்.

ஒட்டுவதில்தான் நல்ல வெட்டுகள் பாழாகின்றன. மலிவான சிவப்புத் தாளின் சாயம் ஈரம் பட்டவுடன் ஒழுகும். வெட்டத் தொடங்குவதற்கு முன்பே ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் அந்தத் தாளுக்குக் கஞ்சிப் பசை கூடவே கூடாது. கெட்டியான வெள்ளைப் பசையைக் குச்சி நுனியில் எடுத்து, தண்டின் பின்புறம் நான்கைந்து புள்ளிகள் வைத்தால் போதும். இலைகளுக்குப் பசை வேண்டாம். அவை பின்தாளிலிருந்து சற்று விலகி நின்று நிழல் விழுந்தால்தான் வெட்டுக்கு உயிர் வரும்.

ஆர்க்கிட்டும் இதே முறைக்கு உரியது. சீன ஓவியத்தில் வரும் ஆர்க்கிட் பூக்கடையில் தொட்டியில் விற்கும் அகன்ற இதழ்ச் செடி அல்ல. அது புல்லைப் போன்ற நீண்ட இலைகளும் சிறிய மணமுள்ள பூவும் கொண்ட சிம்பிடியம். முதல் இரண்டு இலைகள் ஒன்றையொன்று கடந்து நடுவில் கண் போன்ற இடைவெளி விடும். அதைப் பீனிக்ஸ் கண் என்பார்கள். மூன்றாவது இலை அந்தக் கண்ணைக் கிழித்துக்கொண்டு போகும். தூரிகைக்காரர் அழகுக்காகச் செய்வது வெட்டுகிறவருக்குப் பலமாகவும் ஆகிறது: இலைகள் கடக்கும் இடமெல்லாம் இணைப்புப் புள்ளிகள், ஆகவே 3 மில்லிமீட்டர் அகல இலைகூட அறுந்துபோகாமல் நிற்கும். கிரேப்பில் இதே இலைகளைச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் கம்பி வேண்டும். கம்பி வைத்த இலையில் அந்தத் தளர்ந்த வளைவு வராது.

பிளம்: தக்கைத் தாளா, கிரேப்பா?

இங்கேதான் முடிவெடுப்பது கடினம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிளம் குளிர்காலத்தின் இறுதியில், இலை துளிர்ப்பதற்கு முன்பே மொட்டைக் கிளையில் பூக்கும். மூங்கில், பைன் மரத்தோடு சேர்த்து இதைக் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள் என்பார்கள். ஐந்து இதழ்கள் ஐந்து பேறுகளைக் குறிக்கும்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலமும் அமைதியும், நற்குணத்தில் பற்று, காலம் நிறைந்த இறப்பு. ஆகவே ஆறு இதழோ நான்கு இதழோ வைத்தால் குறியீடு கெட்டுவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பகல் மிகக் குறுகிய குளிர்கால நடுநாளிலிருந்து 81 நாட்களை எண்ண வீட்டுச் சுவரில் மாட்டும் பழைய படத்தில் ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ் இருக்கும். தினம் ஓர் இதழுக்கு நிறம் தீட்டுவார்கள், கடைசி இதழ் நிறையும்போது வசந்தம் வந்திருக்கும்.

பிளம் பூவைச் செர்ரிப் பூவாகச் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. செர்ரி இதழின் நுனியில் சிறு பிளவு இருக்கும், பூ நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும். பிளம் இதழ் முழு வட்டம், நுனியில் பிளவு கிடையாது, பூ காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் வெட்டு மாதிரிகளில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதால், அச்செடுப்பதற்கு முன் இதழ் நுனியைப் பாருங்கள்.

பூவின் குறுக்களவு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர். அதாவது ஓர் இதழ் 10 முதல் 12 மில்லிமீட்டர்தான். கிரேப்பின் சிக்கல் இந்த அளவில்தான் தொடங்குகிறது. 180 ஜிஎஸ்எம் இத்தாலியக் கிரேப்பின் மடிப்பு வரிகள் ஒரு சென்டிமீட்டர் இதழில் உழுத வயல் போலத் தெரியும். 60 ஜிஎஸ்எம் மெல்லிய கிரேப்பில் அந்தத் தொல்லை குறைவு. பிளம்முக்குக் கிரேப்தான் என்று முடிவு செய்தால் அதையே வாங்குங்கள். வரிகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். இரு கட்டைவிரலால் நடுவைக் குறுக்கே இழுத்தால் கிண்ணமாகக் குழியும். வரிகள் குறுக்கே ஓடும்படி வெட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் குழியாது.

தோங்சாவ் தாள் வேறு சாதி. இதைக் கூழிலிருந்து வார்ப்பதில்லை. தண்டிலிருந்து தள்ளி எடுத்த வெண்தக்கை உருளையை உருட்டிக்கொண்டே கூரிய கத்தியால் சுருளாகச் சீவுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கான்டன் (இன்றைய குவாங்ஜோ) ஓவியர்கள் ஐரோப்பிய வியாபாரிகளுக்கு வரைந்து விற்ற சிறு வண்ணப் படங்கள் இந்தத் தாளில்தான். வெள்ளைக்காரர்கள் இதை அரிசித் தாள் என்று அழைத்தார்கள். அரிசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிழக்குச் சீனாவின் யாங்ஜோ நகரில் இதில் பூச்செய்யும் மரபு இன்றும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த உவமை வேண்டுமானால் நெட்டியைச் சொல்லலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் மாட்டுப் பொங்கல் நெட்டி மாலைக்கும் எடுப்பது வேறு செடி. ஆனால் கைக்குத் தெரியும் அந்த எடையில்லாத வெண்மை இரண்டிலும் ஒன்றே.

பிளம் இதழுக்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறில்லை. வரியில்லை, ஒளி லேசாக ஊடுருவும், தொட்டால் வெல்வெட். உலர்ந்திருக்கும்போது மடித்தால் உடைந்துவிடும், ஈரமானால் தோலைப் போல் இளகும், மறுபடி உலர்ந்ததும் கொடுத்த வடிவத்தில் நின்றுவிடும். வேலையும் அந்தக் குணத்தை ஒட்டியதுதான். இதழை வெட்டுவதற்கு முன் தாளை ஈரத்துணி மடிப்புக்குள் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். காய்ந்த தாளில் கத்தரி வைத்தால் விளிம்பு பொடிந்து உதிரும். அடி குறுகிய வட்டமாக வெட்டி, ஸ்பாஞ்சுமேல் வைத்து, 6 மில்லிமீட்டர் உருண்டை முனையுள்ள கருவியால் நடுவில் ஒரே ஒருமுறை அழுத்துங்கள். இரண்டாம் முறை அழுத்தினால் கிழியும். பத்து நிமிடம் உலர விடுங்கள். நீர்வண்ணம் தீட்டுவதானால் தூரிகையைத் துணியில் ஒற்றியெடுத்து, அடியிலிருந்து நுனிக்கு மங்கும்படி இழுங்கள். தண்ணீர் அதிகமானால் அந்த இடம் மட்டும் உப்பி, குழிந்த இதழ் தட்டையாகிவிடும். பசைக்கும் இதே எச்சரிக்கை: பல்குச்சி நுனியில் ஒட்டும் அளவு மட்டும்.

மகரந்தக் கேசரங்கள் பிளம்மில் நீளமாக, விசிறி போல் விரிந்திருக்கும். கஞ்சியில் விறைக்கவைத்த வெள்ளைப் பருத்தி நூல் 20 துண்டு, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர். நுனிக்கு மஞ்சள்தூள் தொடலாம் என்று தோன்றும், வேண்டாம். வெயில் பட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும். மஞ்சள் பேஸ்டல் குச்சியைச் சுரண்டிய பொடி நிலைக்கும். பூவின் பின்னால் செம்பழுப்பு நிறத்தில் ஐந்து சிறு புல்லிகள் வையுங்கள். வெள்ளைப் பிளம்மிலும் இவை செம்பழுப்பாகத் தெரிந்தால்தான் பூ கிளையோடு சேர்ந்ததாக இருக்கும்.

கிளைக்குக் கம்பி சுற்றுவதைவிட உண்மையான குச்சி நல்லது. மாதுளங்குச்சியின் கோணல்மாணலான வளர்ச்சி ஏறக்குறைய அப்படியே பொருந்தும். நன்றாகக் காய்ந்த வெயிலில் இரண்டு வாரம் போட்டு எடுங்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் பூச்சி, கிளையை வைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாவு கொட்டும். 40 சென்டிமீட்டர் கிளைக்கு ஏழு விரிந்த பூ, ஐந்து அரைமலர், பதினைந்து மொட்டு. அதற்கு மேல் வைக்காதீர்கள். கிளையில் மூன்றில் இரண்டு பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். பூவை நெருக்கினால் அது வசந்தகாலக் கிளையாகிவிடும். பனியில் பூக்கும் துணிவு என்ற பொருளே போய்விடும்.

அப்படியானால் எல்லோரும் தக்கைத் தாளுக்கே போகலாமா என்றால், இல்லை. நம் ஊர்க் கடைகளில் அது கிடைக்காது, சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டும். வரும் தாள்கள் சிறியவை, வழியில் சில உடைந்திருக்கும். பழகுவதற்கே பத்துப் பன்னிரண்டு இதழ்கள் வீணாகும். முதல் கிளையை 60 ஜிஎஸ்எம் கிரேப்பில் செய்து, பூவின் அமைப்பு கைக்கு வந்தபிறகு இரண்டாவது கிளைக்குத் தக்கைத் தாள் வாங்குவதே எங்கள் யோசனை. இதழ் வடிவம் இரண்டுக்கும் ஒன்றே, வெட்டு மாதிரியை மாற்ற வேண்டியதில்லை.

கிரேப்பின் இடம்: பியோனி, செவ்வந்தி

பியோனி செல்வத்தையும் உயர்நிலையையும் குறிக்கும் பூ. லுவோயாங் நகரம் அதற்குப் பேர்போனது. இங்கே பொருள் நிறைவில் இருக்கிறது: அடுக்கடுக்கான, கனத்த, ததும்பும் பூ. தக்கைத் தாளில் அந்தப் பருமன் வருவதற்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும். காகித வெட்டில் வடிவம் வரும், கனம் வராது. 180 ஜிஎஸ்எம் கிரேப் இதற்குத்தான் படைக்கப்பட்டது. 4 சென்டிமீட்டர் உள்ளிதழ் பத்து, 6 சென்டிமீட்டர் நடுவிதழ் பன்னிரண்டு, 8 சென்டிமீட்டர் வெளியிதழ் பத்து. உள்ளிதழ்களின் நுனியை ஒழுங்கில்லாமல் கீறிவிடுங்கள். வெளியிதழ்களை ஆழமாகக் குழித்து, விளிம்பை மட்டும் விரலால் இழுத்து அலையாக்குங்கள். தலை கனமாக இருக்கும், ஆகவே தண்டுக்கு 18 கேஜ் (சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்) கம்பியை இரட்டையாகப் போடுங்கள். ஒற்றைக் கம்பி ஒரு வாரத்தில் தலைசாயும்.

செவ்வந்திக்கு விளிம்பு கீறிச் சுற்றும் முறை போதும். 60 சென்டிமீட்டர் நீளப் பட்டை, ஒரு முனையில் 4 சென்டிமீட்டர் உயரம், மறுமுனையில் 7. அரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். குட்டையான முனையிலிருந்து சுற்றத் தொடங்குங்கள். ஒரே உயரப் பட்டையைச் சுற்றினால் பூவின் தலை வெட்டிய தூரிகை போல் மொட்டையாகத் தெரியும். செவ்வந்தி இலையுதிர்காலத்தின் பூ, 365-இலிருந்து 427 வரை வாழ்ந்த கவிஞர் தாவ் யுவான்மிங் பதவியைத் துறந்து விரும்பி வளர்த்தது, நீண்ட ஆயுளுக்கும் அறிகுறி. ஆனால் வெள்ளையும் மஞ்சளுமான செவ்வந்தியைச் சீனர்கள் துக்கத்துக்கு வைப்பார்கள். சீன நண்பர் வீட்டுக்குப் பரிசாக எடுத்துப் போவதானால் இந்தப் பூவையே தவிர்த்துவிடுவது நல்லது.

தாமரைக்கு இரண்டு முகம் உண்டு. சேற்றிலிருந்து எழுந்தும் சேறு படாத தூய்மை என்பதை சோங் அரசமரபுக் காலத்து (960–1279) அறிஞர் ஜோ துன்யி எழுதிவைத்தார். சேற்றில் முளைத்த செந்தாமரை என்று சொல்லிப் பழகிய நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூய்மையைக் காட்ட வேண்டுமானால் கிரேப்பில் படகு வடிவ இதழ் பதினெட்டு, நடுவில் தட்டையான பச்சைப் பொகுட்டு. மற்ற முகம் சீன மொழிக்குள்ளேயே இருக்கிறது. தாமரை என்ற சொல் தொடர்ச்சி என்பதுபோல ஒலிக்கும், மீன் என்ற சொல் மிச்சம் என்பதுபோல. தாமரையும் மீனும் சேர்ந்தால் ஆண்டுதோறும் நிறைவு தங்கட்டும் என்ற புத்தாண்டு வாழ்த்து. இது ஜன்னலில் ஒட்டும் சிவப்புக் காகித வெட்டுக்கே உரியது. கிரேப் தாமரையின் பக்கத்தில் காகித மீனை வைத்தால் பொருந்தாது. மாதுளை, பீச், சுரைக்காய் போன்ற காய்கனிகளும் வெட்டுக்கே சேர்ந்தவை.

ஈரமும் வெயிலும்

கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கிரேப்பின் வரிகள் தளரும், குழித்த இதழ்கள் மெல்ல விரிந்து தொங்கும். தக்கைத் தாள் ஈரத்தை உறிஞ்சி இளகும், பிறகு பூஞ்சை பிடிக்கும். காகித வெட்டு இவற்றில் தாக்குப்பிடிப்பது. ஒட்டாமல் விட்ட இலை நுனிகள் சற்றே அலைபாயும், உலர்ந்ததும் சரியாகிவிடும். வெயிலுக்கு மூன்றுமே ஆகாது, சிவப்புதான் முதலில் வெளுக்கும். எல்லாவற்றுக்கும் ஆழமான பெட்டிச் சட்டம் ஏற்றது. பிளம் கிளைக்கு 6 சென்டிமீட்டர் ஆழம், பியோனிக்கு 10. காகித வெட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போதும், ஆனால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். பெட்டிச் சட்டத்தின் கீழ்ப்பக்கம், கண்ணில் படாத மூலையில், சிலிக்கா ஜெல் பை இரண்டு வைத்து மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றுங்கள்.

கத்தி பிடித்துப் பழக்கம் இருந்து, சுவருக்கு ஒன்று வேண்டும் என்றால் மூங்கில் வெட்டில் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போகும். திருமண வரவேற்பு மேசைக்கு என்றால் கிரேப் பியோனி, சிவப்பும் இளஞ்சிவப்பும் கலந்து. நான்கு பூ மட்டும் வேண்டாம், அந்த எண்ணின் ஒலி சீன மொழியில் சாவை நினைவூட்டும். தபாலில் அனுப்ப வேண்டிய பரிசு என்றால் யோசிக்கவே வேண்டாம், காகித வெட்டுதான். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் மெல்லிய தாள் வைத்து, ஓரங்களை மட்டும் ஒட்டி அனுப்பலாம். தக்கைத் தாள் பிளம் கிளையைத் தபாலில் ஒப்படைக்காதீர்கள், கையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.